ஊதிய விசிலும் ஊதாத விசிலும்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்களில் பலருக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் ரக்பி பந்தயத்தில் வெல்பவருக்குக் கிடைக்கும் கோப்பையின் பெயர் 'கல்கத்தா கோப்பை'. பெயர் மட்டுமல்ல, அதன் வெள்ளியும் இவ்வூருடையதே. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் தமக்குள் இரண்டு அணியாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப்பைத் தொடங்கினார்கள். ஐந்தாறு வருடங்களில் கிளப் கலைந்தது. (வங்காளத்து வெயிலில் ரக்பி ஆடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்!) கணக்கில் மிஞ்சிய 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்கள் கைப்பிடிகளாகவும் ஒரு யானை மூடியின் உச்சியிலுமாக ஒரு கோப்பை செய்து, 1878-இல் இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்கு அளித்துவிட்டார்கள். 1879-இல் நடந்த முதல் கோப்பைப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் பேசுவது கோப்பையைப் பற்றியோ வீரர்களைப் பற்றியோ அல்ல. "ரெஃப்ரி மோசம்" என்பதுதான் முதல் வார்த்தை. ஒரு சர்வதேச ரக்பி நடுவர் நன்றாகச் செய்தாரா, மோசமாகச் செய்தாரா என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால், இந்த விளையாட்டின் அடிவயிற்றையே தொட வேண்டியிருக்கிறது.

நடுவரின் தீர்ப்பு பற்றிய சண்டை ரக்பிக்குப் புதிதல்ல. முதல் சர்வதேசப் போட்டி 1871 மார்ச் 27-இல் எடின்பரோவில் நடந்தது. அதிலேயே ஸ்காட்லாந்தின் ஒரு 'ட்ரை' செல்லுமா செல்லாதா என்று தகராறு. அன்று அம்பயராக நின்ற ஆல்மண்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் பிற்காலத்தில் வேடிக்கையாக எழுதினார்: அம்பயருக்குச் சந்தேகம் வந்தால், அதிகமாகக் கூச்சல் போடும் அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதில் தவறில்லை, பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்காது என்று! வகுப்பறை அனுபவம் பேசியிருக்கிறது.

1884-இல் வந்த சண்டை பெரியது. ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்னுக்குத் தட்டினார். அது குற்றம் என்பது ஸ்காட்லாந்தின் விதி. குற்றமில்லை என்பது இங்கிலாந்தின் வழக்கம். தட்டப்பட்ட பந்தை எடுத்து இங்கிலாந்து ட்ரை போட்டுவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள், "எங்கள் ஆளே குற்றம் செய்துவிட்டார், ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும்" என்றார்கள். "நீங்கள் செய்த குற்றத்தால் நீங்களே லாபம் அடைவதா?" என்றார்கள் இங்கிலாந்துக்காரர்கள். நடுவராக இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். இந்தத் தகராறு முற்றி அடுத்த ஆண்டு போட்டியே நடக்கவில்லை. 1886-இல் இதன் விளைவாகத்தான் சர்வதேச ரக்பி வாரியம் பிறந்தது; 2014 முதல் அது 'வேர்ல்டு ரக்பி' என்ற பெயரில் இயங்குகிறது. ஆக, உலகம் முழுவதும் இந்த விளையாட்டை ஆளும் அமைப்பு ஒரு விசில் சண்டையின் வாரிசு எனலாம்.

ஒரு குவியலில் எத்தனை குற்றங்கள்?

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் ரக்பி நடுவரின் சிரமம் விளங்கும். கிரிக்கெட் அம்பயருக்கு ஒரு பந்து, ஒரு பந்துவீச்சாளர், ஒரு மட்டையாளர். பந்துக்கும் பந்துக்கும் நடுவே மூச்சுவிட நேரம் உண்டு. ரக்பியில் முப்பது பேர், எண்பது நிமிடம், நடுவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிச் சென்றவர் மேல் ஐந்தாறு பேர் விழுந்து அமுக்குவார்களே, கிட்டத்தட்ட அதே காட்சி ரக்பியில் பந்தை ஏந்தி ஓடுபவர் பிடிபடும்போதெல்லாம் நிகழும். ஒரு சர்வதேச ஆட்டத்தில் இப்படிப்பட்ட குவியல்கள் பல சமயம் நூற்றைம்பதைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் நடுவர் பார்க்க வேண்டியவற்றைக் கேளுங்கள். பிடிபட்டு விழுந்தவர் பந்தை உடனே விட்டாரா? பிடித்தவர் அவரை விட்டுவிட்டு உருண்டு விலகினாரா? உதவிக்கு வந்தவர்கள் தம் பக்கத்திலிருந்து நேராக நுழைந்தார்களா, பக்கவாட்டில் புகுந்தார்களா? நுழைந்தவர்கள் காலில் நிற்கிறார்களா, மேலே படுத்துவிட்டார்களா? மற்றவர்கள் குவியலின் கடைசிக் காலுக்குப் பின்னால் இருக்கிறார்களா? இத்தனையும் இரண்டு மூன்று விநாடிக்குள். உண்மையைச் சொன்னால், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒவ்வொரு குவியலிலும் ஏதாவது ஒரு குற்றம் அகப்படும்.

எல்லாவற்றுக்கும் விசில் ஊதினால் ஆட்டமே இருக்காது. ஆகவே நடுவர் இருபது சொச்சம் முறை ஊதுகிறார், மீதியை விடுகிறார். எதை விடுவது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அந்தக் குற்றத்தால் எதிரணிக்குப் பாதிப்பு ஏற்பட்டதா? பந்து வெளிவருவது தடைப்பட்டதா? ஒருவர் உருண்டு விலகவில்லை, ஆனால் பந்து அவரைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது என்றால் விசில் வேண்டியதில்லை. அதே ஆள் அதே இடத்தில் கிடந்து பந்தை இரண்டு விநாடி தாமதப்படுத்தினால் ஊத வேண்டும். அதோடு, குற்றத்துக்கு ஆளான அணிக்கு ஆட்டம் தொடர்வதே லாபம் என்றால் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் தொடரவும் விடலாம். 1884-இல் சண்டையிட்ட அதே விஷயம்தான் இன்று 'அட்வான்டேஜ்' என்ற பெயரில் விதியாகியிருக்கிறது.

இதனால்தான் ரக்பி நடுவரை மதிப்பிடும்போது ஊதிய விசிலைப் போலவே ஊதாத விசிலும் கணக்கில் வருகிறது. பார்வையாளர் மாடத்தில் இருப்பவருக்கு ஊதியது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

மதிப்பீட்டு மேசையில்

சர்வதேசப் போட்டி முடிந்த பிறகு நடுவர் பிரிவினர் முழு ஆட்டத்தையும் படமாகத் திரும்பப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முடிவும் சரி, தவறு, ஊதியிருக்க வேண்டும் ஆனால் ஊதவில்லை என்று பிரிக்கப்படுகிறது. ஸ்க்ரம், லைன்-அவுட், பிடிபடும் குவியல், ஆஃப்சைட் கோடு, முரட்டு ஆட்டம் என்று பகுதி பகுதியாகப் பார்ப்பார்கள். அதற்கு மேல் விளையாட்டு வீரர்களோடு அவர் பேசிய விதம், நின்ற இடம், முதல் நிமிடத்தில் தண்டித்ததை எழுபதாவது நிமிடத்திலும் தண்டித்தாரா என்ற சீரான தன்மை ஆகியவையும் உண்டு. இரு அணிகளின் பயிற்சியாளர்களும் சந்தேகப்படும் காட்சிகளைத் தனியாக அனுப்பி விளக்கம் கேட்கலாம். பதிலும் தனியாகத்தான் போகும். இந்த மதிப்பீடுகளின் மேல்தான் அடுத்த போட்டிகளின் நியமனங்கள் நிற்கின்றன. நம் அலுவலகங்களில் எழுதும் ரகசியக் குறிப்பேடு போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வேலை நடந்ததை லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள்.

பார்த்தவர்கள் கையாளும் அளவுகோல் வேறு. முதலாவது, பெனால்டி எண்ணிக்கை. "எங்களுக்கு எதிராகப் பதினைந்து, அவர்களுக்கு எதிராக ஆறு, ஆகவே பாரபட்சம்" என்பார்கள். எழுபது நிமிடம் தடுத்துக்கொண்டே இருக்கும் அணிதான் அதிகக் குற்றம் செய்யும். ஸ்க்ரத்தில் பலமற்ற அணிதான் சரிந்து விழும். எண்ணிக்கை சமமாக இல்லாதது தவறுக்கு அத்தாட்சி ஆகாது. நேர்மாறாக, ஓர் அணிக்குக் கொடுத்தோம், மற்ற அணிக்கும் ஒன்று கொடுத்துச் சரிக்கட்டுவோம் என்று நினைக்கும் நடுவரே ஆபத்தானவர். எண்ணிக்கை மட்டும் பார்ப்பவரிடம் அவர் நல்ல பெயர் வாங்கிவிடுவார்.

இரண்டாவது அளவுகோல் முடிவு. ஜெயித்தவன் புகழ்ச்சியும் தோற்றவன் வசையும் ஒரே தராசின் இரு தட்டுகள். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் டர்பனில் பெருமழையில் தென்னாப்பிரிக்கா பிரான்ஸை 19-15 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் பிரான்ஸின் பெனாஸி கோட்டின் விளிம்பில் விழுந்தார், ட்ரை தரப்படவில்லை. நடுவர் வேல்ஸ் நாட்டு டெரெக் பெவன். தென்னாப்பிரிக்கா கோப்பையை வென்ற பின் நடந்த விருந்தில், அந்நாட்டு ரக்பித் தலைவர் லூயி லைட் எழுந்து பெவனை வானளாவப் புகழ்ந்து ஒரு தங்கக் கைக்கடிகாரம் பரிசளித்தார். இறுதிப் போட்டியின் நடுவர்கூட அவரில்லை! நேர்மையான மனிதர் கூச்சத்தில் விருந்தைவிட்டே வெளியேறினார். அந்தக் கடிகாரத்தைவிடக் கொடுமையான வசை எந்த நடுவருக்கும் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விசிலின் கதை

மூன்றாவது அளவுகோல்தான் மிகக் கொடியது: கடைசி நிமிடத் தீர்ப்பு. 2015 அக்டோபர் 18, லண்டன் ட்விக்கன்ஹாம், உலகக் கோப்பைக் காலிறுதி. யாரும் எதிர்பாராத வகையில் ஸ்காட்லாந்து 34-32 என்று ஆஸ்திரேலியாவை முந்தி நிற்கிறது. ஆட்டம் முடிய ஓரிரு நிமிடங்களே. மழை. ஸ்காட்லாந்து லைன்-அவுட்டில் எறிந்த பந்து சரியாகப் பிடிபடாமல் அவர்கள் பக்கமிருந்து முன்னோக்கிச் சிதறியது. அப்போது முன்னால் நின்ற ஸ்காட்லாந்து வீரர் ஜான் வெல்ஷ் அதைப் பிடித்துவிட்டார். சொந்த அணியாள் முன்னோக்கித் தவறவிட்ட பந்தை, முன்னால் நின்றவர் எடுத்தால் ஆஃப்சைட், தண்டனை பெனால்டி. தென்னாப்பிரிக்க நடுவர் கிரெய்க் ஜூபேர் பெனால்டி கொடுத்தார். பெர்னார்ட் ஃபோலி உதைத்தார். 35-34. விசில் ஊதியதும் ஜூபேர் யாரிடமும் கைகுலுக்காமல் ஓட்டமாக உள்ளே ஓடிவிட்டார்.

மெதுவாக ஓட்டிய படத்தில் தெரிந்தது வேறு. பந்து வெல்ஷிடம் வருவதற்கு முன் ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் அதை ஆட முயன்று தொட்டுவிட்டார். எதிரணியாள் பந்தை ஆடிவிட்டால் வெல்ஷ் ஆஃப்சைட் ஆக மாட்டார். மிச்சமிருப்பது முதலில் பந்தை முன்னோக்கித் தவறவிட்ட சிறு பிழை மட்டும். அதற்குத் தண்டனை ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம். தொலைக்காட்சி நடுவரைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அன்றைய நடைமுறை அதை அனுமதிக்கவில்லை. ட்ரை சம்பந்தப்பட்டவை, முரட்டு ஆட்டம் போன்றவற்றுக்கு மட்டுமே அவரைக் கேட்கலாம்.

மறுநாள் வேர்ல்டு ரக்பி பகிரங்கமாகவே அறிவித்தது: தந்திருக்க வேண்டியது ஸ்க்ரம்தான், பெனால்டி அல்ல. அரையிறுதி நியமனங்களில் ஜூபேர் பெயர் இல்லை. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்திய அதே மனிதர்!

இங்கே மதிப்பீட்டின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஸ்காட்லாந்து ரசிகர் "எங்கள் வெற்றி பறிபோயிற்று" என்கிறார். ஸ்க்ரம் கொடுத்திருந்தாலும் பந்து ஆஸ்திரேலியாவிடம்தான் இருந்திருக்கும். ஒரு நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அடுத்தது, அந்த ஒரு தீர்ப்பு இருபதாவது நிமிடத்தில் நிகழ்ந்திருந்தால் மதிப்பீட்டு மேசையில் ஒரு தவறு என்று பதிவாகி, ஒருவருக்கும் நினைவிருந்திருக்காது. தவறின் அளவு ஒன்றே, விலை வேறு. மதிப்பிடுகிறவர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பகிரங்க அறிவிப்பைப் பலர் கண்டித்தார்கள், தன் ஊழியரைத் தானே தெருவில் நிறுத்திவிட்டதாக. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகமே பார்த்துவிட்ட தவறை மறைப்பது மற்ற தீர்ப்புகளின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். ஆனால் சொல்வதானால், அன்று சரியாகச் செய்தவற்றையும் கூடவே சொல்லியிருக்கலாம். ஜூபேர் பிறகு களத்தை விட்டு இளம் நடுவர்களைப் பயிற்றுவிக்கும் பணிக்குப் போனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல் ஆக்லாந்தில், நியூசிலாந்துக்கும் பிரிட்டிஷ் அயர்லாந்து கூட்டணியான லயன்ஸுக்கும் தொடரைத் தீர்மானிக்கும் மூன்றாவது டெஸ்ட். கடைசி நிமிடங்கள், 15-15. இங்கும் லயன்ஸ் வீரர் கென் ஓவன்ஸ் ஆஃப்சைடில் நின்று பந்தைத் தொட்டார். பிரெஞ்சு நடுவர் ரொமெய்ன் புவாத் முதலில் பெனால்டி என்றார். படத்தைப் பார்த்து, சக நடுவர்களோடு பேசி, தற்செயல் என்று ஸ்க்ரமாக மாற்றினார். ஆட்டமும் தொடரும் சமநிலையில் முடிந்தன. இம்முறை நியூசிலாந்துக்காரர்கள் கொதித்தார்கள். அவசரப்பட்டால் ஒரு நாடு ஏசும். நிதானித்தால் வேறொரு நாடு ஏசும்.

படம் பார்த்தால் தீர்ந்துவிடுமா?

வேய்ன் பார்ன்ஸ் என்ற இங்கிலாந்து நடுவரின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. 2007 உலகக் கோப்பைக் காலிறுதியில் கார்டிஃபில் பிரான்ஸ் 20-18 என்று நியூசிலாந்தை வீழ்த்தியது. பிரான்ஸின் முக்கிய ட்ரைக்கு முன் பந்து முன்னோக்கி வீசப்பட்டதை, அப்போது 28 வயதான பார்ன்ஸ் கவனிக்கவில்லை. முன்னோக்கி வீசுவது குற்றம். அன்றைய விதிப்படி தொலைக்காட்சி நடுவர் அதைச் சொல்ல முடியாது. ஒரு தேசமே அவரைத் திட்டியது.

2023 அக்டோபர் 28, பாரிஸ், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. அதே பார்ன்ஸ், அதே நியூசிலாந்து. இம்முறை தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலியின் கையில் எத்தனையோ காமிராக்கள். ஆரன் ஸ்மித் ட்ரை போட்டார். படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்ததில், வெகு முன்னதாக லைன்-அவுட்டில் பந்து நியூசிலாந்து வீரரின் கையிலிருந்து முன்னோக்கிப் போனது தெரிந்தது. ட்ரை ரத்து. பிழை நடந்தது உண்மை. ஆனால் அத்தனை தூரம் பின்னோக்கிப் போக அன்றைய நடைமுறையில் இடமிருக்கவில்லை. ட்ரைக்கு முந்தைய இரண்டு கட்ட ஆட்டம் வரைதான் அப்போது பார்க்க முடிந்தது. 2015-இல் விதி தவறாகச் சொல்லப்பட்டது, நடைமுறை அதைத் திருத்த விடவில்லை. 2023-இல் சொன்னது சரி, சொன்ன வழி சரியில்லை. தென்னாப்பிரிக்கா 12-11 என்று ஒரே புள்ளியில் வென்றது. இவற்றில் எது மோசமான நடுவர் பணி? நண்பர்கள் கூடியிருக்கும்போது இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள், காப்பி ஆறிவிடும்.

2024 பிப்ரவரியில் எடின்பரோவில் ஸ்காட்லாந்து பிரான்ஸிடம் 16-20 என்று தோற்றதும் இந்த வகைதான். கடைசியில் பந்து கோட்டைத் தாண்டித் தரையைத் தொட்டதா என்பது கேள்வி. களத்தில் இருந்த நடுவர் நிக் பெர்ரி 'ட்ரை இல்லை' என்று சொல்லியிருந்தார். அதை மாற்றத் தெளிவான படம் கிடைக்கவில்லை என்று முடிவாயிற்று. கிரிக்கெட்டில் 'அம்பயர்ஸ் கால்' என்று தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன்!

இதே பெர்ரிதான் 2021 ஜூலையில் தென்னாப்பிரிக்கா - லயன்ஸ் முதல் டெஸ்டின் நடுவர். தோற்ற தென்னாப்பிரிக்காவின் ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ், அவருடைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக விமர்சித்து 62 நிமிடப் படமாக்கினார்; அது உலகெங்கும் பரவியது. அதிலிருந்த சில குறைகள் நியாயமானவையே. ஆனால் தனியாக அனுப்பிப் பதில் பெற வேண்டியதை ஊரறியச் செய்ததும், பெர்ரியும் அவர் குடும்பத்தாரும் வசைக்கு ஆளானார்கள். எராஸ்மஸுக்கு இரண்டு மாதம் எல்லா ரக்பிப் பணிகளிலிருந்தும் தடை, 2022 செப்டம்பர் முடிய ஆட்ட நாட்களில் தடை, தென்னாப்பிரிக்க ரக்பிக்கு 20,000 பவுண்டு அபராதம். பார்ன்ஸ் 111 சர்வதேசப் போட்டிகளை நடத்திய உலக சாதனையோடு 2023 நவம்பரில் ஓய்வுபெற்றார். தம் குடும்பத்துக்கு வந்த மிரட்டல்களைப் பற்றியும் பேசினார். அடுத்த மாதமே டாம் ஃபோலியும் சர்வதேசப் பணியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

அமைப்பே தன் குறையை ஒப்புக்கொண்டதும் உண்டு. 2019 உலகக் கோப்பை ஜப்பானில் தொடங்கிய முதல் வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ரீஸ் ஹாட்ஜ் ஃபிஜி வீரரைத் தலைப்பகுதியில் மோதிச் சாய்த்தும் அட்டை காட்டப்படவில்லை. பின்னர் ஹாட்ஜுக்கு மூன்று ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாரத்து நடுவர் பணி எதிர்பார்த்த தரத்தில் சீராக இல்லை என்று வேர்ல்டு ரக்பி அறிக்கை விட்டது. எந்த நடுவரின் பெயரும் அதில் இல்லை. தலையில் அடிபடுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மற்ற தவறுகளில் புள்ளிதான் போகும். ஆகவே இதற்கு மதிப்பீட்டில் தனி எடை தருவது நியாயமே.

அடுத்த முறை பிள்ளைகள் ரக்பி பார்க்கும்போது நீங்களும் உட்காருங்கள். நடுவரின் சட்டையில் ஒலிவாங்கி இருப்பதால் அவர் பேசுவது கேட்கும். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள். விசில் ஊதுவதற்கு முன்பே "கையை எடு", "உருண்டு போ", "பின்னால் நில்" என்று எத்தனை முறை எச்சரிக்கிறார், அதைக் கேட்டு வீரர்கள் எத்தனை முறை விலகுகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். மறுநாள் பத்திரிகையில் வரும் பெனால்டிப் பட்டியலில் அந்தக் கோடுகள் ஒன்றுகூட இருக்காது.